சாபத்துக்கு முன்னும் பின்னும்: பேலா குட்மன் என்ற பயிற்றுநர்

சாபம் பெற்ற ஊர்களும் குலங்களும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. ஒரு நகரம் எரிவதற்கும் ஓர் அரசு முடிவதற்கும் ஒருவரின் வாய்ச்சொல் போதும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த கதைமரபு நம்முடையது. ஆகவே, ஐரோப்பாவின் புகழ்பெற்ற கால்பந்துக் கழகம் ஒன்று அறுபதாண்டுகளுக்கும் மேலாக ஒரு மனிதரின் சாபத்தைச் சுமந்து திரிகிறது என்று கேள்விப்படும்போது நமக்கு வியப்பைவிட ஒருவகைப் பழக்க உணர்வே ஏற்படுகிறது. கழகம், லிஸ்பனின் பென்ஃபிகா. சாபமிட்டவராகச் சொல்லப்படுபவர் ஹங்கேரியரான பேலா குட்மன். 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்த அவர் ஊதிய உயர்வு கேட்டார், நிர்வாகம் மறுத்தது, இன்னும் நூறாண்டுகளுக்கு இக்கழகம் ஐரோப்பியக் கோப்பை எதையும் வெல்லாது என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார் என்பது கதை.

கதைக்கு வலுச்சேர்க்கும் எண்ணிக்கையும் இருக்கிறது. அதன்பின் பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் ஆடியது. 1963, 1965, 1968, 1988, 1990 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை. 1983இல் யூஃபா கோப்பை. 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் யூரோப்பா லீக். எட்டிலும் தோல்வி. 1990இன் இறுதியாட்டம் வியன்னாவில் நடந்தது. குட்மன் அடக்கம் செய்யப்பட்ட நகரமும் அதுவே. அவரால் ஆளாக்கப்பட்ட மாபெரும் ஆட்டக்காரர் யூசேபியோ, ஆட்டத்துக்கு முன் கல்லறைக்குச் சென்று, சாபம் நீங்குமாறு வேண்டிக்கொண்டார் என்பர். மிலான் அணி 1-0 என்று வென்றது.

நல்ல கதைதான். ஆனால் நல்ல கதைகளுக்கு ஒரு தீய குணம் உண்டு. தம்மைச் சுற்றியிருக்கும் வரலாற்றை அவை மெல்லத் தின்றுவிடுகின்றன. எண்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பன்னிரண்டு நாடுகளில் அணிகளைப் பயிற்றுவித்து, தம் இனத்தின் அழிவை ஒரு பரணிலிருந்தும் ஒரு முகாமிலிருந்தும் கண்டு மீண்ட மனிதர், இன்று பெரும்பாலோருக்கு ஒரு சாப வாக்கியத்தின் எழுவாயாக மட்டுமே எஞ்சியிருக்கிறார். அந்த வாக்கியத்தைச் சற்று விலக்கி வைத்துவிட்டு அவருடைய தொழில்வாழ்வை வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குட்மன் 1899இல் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் நடன ஆசிரியர்கள். அவரும் பதினாறு வயதிலேயே நடனம் கற்பிக்கும் தகுதி பெற்றார். ஆனால் கால்கள் வேறொரு கலையை நாடின. எம்.டி.கே. என்ற புடாபெஸ்ட் கழகம் அன்று நடு ஐரோப்பாவின் நுட்பமான ஆட்டத்துக்குப் பேர்போனது. ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயப் பயிற்றுநர் முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே விதைத்துச் சென்ற பாணி அது: பந்தை வானில் உதைத்துவிட்டு ஓடாமல், தரையோடு தரையாக ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி முன்னேறுவது. குட்மன் அந்த அணியின் நடுவில் நின்று ஆட்டத்தை இயக்கும் சென்டர் ஹாஃப் ஆனார். 1920இலும் 1921இலும் ஹங்கேரியப் பட்டம் எம்.டி.கே.யின் வசமாயிற்று.

அதே ஆண்டுகளில் ஹங்கேரியின் அரசியல் காற்று திசைமாறியது. ஹோர்த்தியின் ஆட்சியில் யூதர்கள் மீது வன்முறைகள் நடந்தன. பல்கலைக்கழகங்களில் அவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1920இல் வந்தது. குட்மன் வியன்னாவுக்குப் பெயர்ந்தார். அங்கே அவர் சேர்ந்தது 1909இல் தொடங்கப்பட்ட ஹகோவா என்ற யூத விளையாட்டுக் கழகம். ஹகோவா என்ற எபிரேயச் சொல்லுக்கு ‘வலிமை’ என்று பொருள். யூதன் என்றால் நூலோடு கூனிக்கிடப்பவன் என்ற இழிமொழிக்கு உடலால் விடைசொல்ல எழுந்த இயக்கம் அது. தாவீதின் விண்மீனை மார்பில் அணிந்து ஆடிய அந்த அணி, 1924-25 பருவத்தில், ஆஸ்திரியாவின் முதல் தொழில்முறை லீக் பட்டத்தை வென்றது. கை முறிந்த கோல்காப்பாளர் ஃபாபியன், கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து வெற்றிக் கோலை அடித்தது அந்தப் பட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி.

குட்மனின் குணத்தை முன்கூட்டியே அறிவிக்கும் சம்பவம் ஒன்று 1924இன் பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்தது. ஹங்கேரிய அணியோடு ஆட்டக்காரர்களைவிட அதிகாரிகளே மிகுதியாக வந்திருந்தனர் என்பதும், தங்கும் விடுதி இரவுக் கேளிக்கைகளுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது என்பதும் அவரைச் சினங்கொள்ளச் செய்தன. செத்த எலிகளைப் பிடித்து அதிகாரிகளின் அறைக்கதவுகளில் தொங்கவிட்டார். எகிப்திடம் 3-0 என்று தோற்று அணி ஊர் திரும்பியது. தாய்நாட்டு அணிக்காக அவர் அதன்பின் ஆடவில்லை. ஆட்டத்தைத் தொடாமல் ஆட்டத்தால் வாழ்பவர்கள் மீது அவருக்கிருந்த வெறுப்பு கடைசிவரை தணியவில்லை.

1926இல் ஹகோவா அமெரிக்கப் பயணம் மேற்கொண்டது. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் 46,000 பேர் அந்த அணியைக் காணத் திரண்டனர். அமெரிக்கக் கால்பந்து அதற்குமுன் கண்டிராத கூட்டம் அது; அதை மிஞ்ச அரைநூற்றாண்டு ஆயிற்று. யூதர் என்பதற்காக ஒருவரும் வசைபாடாத தெருக்களையும் மேலான ஊதியத்தையும் கண்ட ஆட்டக்காரர் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். குட்மனும் தங்கினார். நியூயார்க் அணிகளுக்கு ஆடினார். மதுவிலக்குக் காலத்தின் கள்ள மதுக்கூடம் ஒன்றில் பங்குதாரரானார். பங்குச்சந்தையில் பணம் போட்டார். 1929இன் வீழ்ச்சி ஏறக்குறைய அனைத்தையும் கொண்டுபோயிற்று. பணத்தை அவர் பின்னாளில் கறாராகக் கேட்டு வாங்கியதை எள்ளுபவர்கள், பணம் ஒரே வாரத்தில் மறைவதைக் கண்ட மனிதர் அவர் என்பதை நினைவில் கொள்வதில்லை.

ஆட்டக்காலம் முடிந்து 1933இல் வியன்னா ஹகோவாவின் பயிற்றுநரானார். இரண்டாண்டுகளுக்குப்பின் நெதர்லாந்தின் என்ஸ்கெடே கழகம். தேசியப் பட்டத்தை வென்றால் பெருந்தொகை தரவேண்டும் என்று அவர் ஒப்பந்தத்தில் எழுதக் கேட்டாராம். நடக்கவா போகிறது என்று இயக்குநர்கள் சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார்களாம். அணி பட்டத்தை நெருங்கியபோது, கழகம் திவாலாகுமே என்று தோல்விக்காக வேண்டிக்கொண்டார்களாம். சற்று மிகையாகவே இருக்கலாம். ஆனால் தம் உழைப்பின் விலையைத் தாமே நிர்ணயிக்கும் பழக்கம் அவரிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதற்கு இக்கதை சான்று.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. மீண்டும் ஹகோவாவில் பணியாற்றிக் கொண்டிருந்த குட்மன் ஒரே நாளில் கழகமற்றவரானார். ஹகோவா கலைக்கப்பட்டது, அப்பருவத்தில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகள்கூட அழிக்கப்பட்டன. புடாபெஸ்ட் திரும்பி ஊய்பெஸ்ட் கழகத்தை ஏற்றார். 1939இல் ஹங்கேரியப் பட்டம், அதே ஆண்டில் நடு ஐரோப்பியக் கழகங்களுக்கான மித்ரோப்பா கோப்பை. இத்தனை வெற்றிக்குப் பின்னும் பணி நீடிக்கவில்லை. யூதர்களைத் தொழில்களிலிருந்து விலக்கும் இரண்டாம் சட்டம் ஹங்கேரியில் 1939 மே மாதம் நிறைவேறியிருந்தது. கோப்பை கையில் இருந்தாலும் நாற்காலி நிலைக்காது என்ற பாடத்தை அவர் லிஸ்பனில் கற்கவில்லை. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே சொந்த ஊரில் கற்றார்.

1944 மார்ச் 19 அன்று ஜெர்மானியப் படை ஹங்கேரியை ஆக்கிரமித்தது. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரையான எட்டு வாரங்களில் ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் ரயில்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். குட்மன், யூதரல்லாத தம் துணைவி மரியானின் குடும்பத்தாரது உதவியால், ஊய்பெஸ்ட் பகுதியில் அவர்களது முடிதிருத்தகத்தின் மேலிருந்த பரணில் ஒளிந்திருந்தார். பின்னர் யூத ஆண்களுக்கென இருந்த கட்டாய உழைப்பு முகாமுக்குள் அகப்பட்டார். அங்கே அவரோடு இருந்தவர் எர்ணோ எர்ப்ஸ்டைன் என்ற இன்னொரு கால்பந்துப் பயிற்றுநர். மரண முகாமுக்கு அனுப்பப்படும் வேளை நெருங்கிய 1944 டிசம்பரில் இருவரும் வேறு சிலரோடு தப்பினர். குட்மனின் தந்தையும் சகோதரியும் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர். எர்ப்ஸ்டைன் இத்தாலிக்குத் திரும்பி, டொரினோவின் மகத்தான அணியை உருவாக்கி, 1949 மே 4 அன்று சூப்பர்கா குன்றில் மோதிய விமானத்தில் அந்த அணியோடு இறந்தார்.

இந்த ஆண்டுகளைப் பற்றி குட்மன் பேசவேயில்லை எனலாம். 1964இல் அவருடைய ஒத்துழைப்போடு வந்த வாழ்க்கை வரலாற்றில்கூட, அக்காலத்தைப் பற்றி நூல்கள் பல வந்துவிட்டன, வாசகரை அவ்விவரங்களால் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை என்னும் பொருள்பட ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார். அவர் எப்படி உயிர் பிழைத்தார் என்பது, டேவிட் போல்கோவர் 2017இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகே பரவலாக அறியப்பட்டது. தம் மேல் எழுந்த வதந்திகள் அனைத்துக்கும் சுடச்சுட விடை சொன்ன மனிதர் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இருந்த இடத்தில்தான் பின்னாளில் சாபக்கதை வந்து குடியேறியது என்று எனக்குத் தோன்றுகிறது.

போர் முடிந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. வேலை கிடைத்த இடத்துக்கெல்லாம் சென்றார். 1946இல் புகாரெஸ்டின் சோகானுல் கழகத்தில் பணத்துக்கு மதிப்பில்லை என்பதால் காய்கறிகளாக ஊதியம் கேட்டுப் பெற்றார். அணித்தேர்வில் இயக்குநர் ஒருவர் தலையிட்டதும் அங்கிருந்து விலகினார். 1947இல் மீண்டும் ஊய்பெஸ்டுக்குப் பட்டம். அடுத்து கிஷ்பெஸ்ட். அங்கே நாயகன் இருபத்தொரு வயது ஃபெரென்ஸ் புஷ்காஷ். குட்மனுக்கு முன் பயிற்றுநராக இருந்தவர் புஷ்காஷின் தந்தை. 1948இல் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், முரட்டுத்தனமாக ஆடிய பின்வரிசை ஆட்டக்காரரை, பத்துப்பேரோடு ஆடினாலும் பரவாயில்லை, இனி இறங்கவேண்டாம் என்றார் குட்மன். புஷ்காஷ் கையசைத்து அவரைக் களத்துக்கு அழைத்துக்கொண்டார். குட்மன் வாதிடவில்லை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து குதிரைப் பந்தய ஏடு ஒன்றைப் படித்து முடித்தார், ஆட்டம் முடிந்ததும் டிராம் ஏறி வீட்டுக்குப் போனார், திரும்பவேயில்லை.

இதன்பின் அவர் பயணம் நாடுகளின் பட்டியலாகிவிடுகிறது. இத்தாலியில் பாடோவாவும் டிரியஸ்டினாவும், அர்ஜென்டினாவில் கில்மெஸ், சைப்ரஸில் அப்போயல், மறுபடி இத்தாலியில் மிலான். 1955 பிப்ரவரியில் மிலான் லீக்கின் முதலிடத்தில் இருந்தபோதே அவரைப் பதவி நீக்கினர். அந்தப் பருவத்தின் முடிவில் பட்டம் மிலானுக்கே கிடைத்தது. இனி அணி முதலிடத்தில் இருக்கும்போது தம்மை நீக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தங்களில் சேர்க்கக் கேட்டார் என்பர். எந்தக் கழகத்திலும் மூன்றாம் ஆண்டு ஆபத்தானது என்பதும் அவருடைய புகழ்பெற்ற கருத்து. பயிற்றுநரின் சொல்லுக்கு அதற்குள் ஆட்டக்காரர்களின் செவி பழகிவிடுகிறது. எதிரணிகளும் அவர் முறையைக் கற்றுவிடுகின்றன. இது தொழில்நுட்பக் கணக்கு. அதன் அடியில், எவ்விடமும் நிலையன்று, துரத்தப்படுவதற்குள் புறப்பட்டுவிடு என்ற கணக்கும் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1956இல் ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டபோது வெளிநாட்டில் இருந்த ஹோன்வெட் அணி (பழைய கிஷ்பெஸ்ட்தான்) ஊர் திரும்பாமல் சுற்றுப்பயணத்தில் இருந்தது. அதனுடன் 1957இல் பிரேசில் சென்ற குட்மன் அங்கேயே தங்கி, சாவ் பாவ்லோ கழகத்துக்கு அவ்வாண்டின் மாநிலப் பட்டத்தை வென்று கொடுத்தார். மறு ஆண்டு உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியின் பயிற்றுநர் விசென்ட்டே ஃபியோலா அதே கழகத்தைச் சேர்ந்தவர். 4-2-4 என்ற அணிவகுப்பை குட்மனே பிரேசிலுக்குக் கொண்டுவந்தார் என்பது மிகை. பிரேசிலிலேயே அதற்கு வேறு தந்தையர் உண்டு. புடாபெஸ்டில் விளைந்த எண்ணமும் பிரேசிலில் விளைந்த எண்ணமும் சந்தித்த இடங்களில் ஒன்று அவருடைய பயிற்சிக்களம் என்பதே பொருத்தம்.

1959இல் போர்ட்டோவைப் போர்ச்சுகல் சாம்பியனாக்கினார். பென்ஃபிகாவும் சமப்புள்ளிகள் பெற்றிருந்தது. கோல் வித்தியாசமே பட்டத்தைத் தீர்மானித்தது. அடுத்த பருவத்தில் அந்தப் பென்ஃபிகாவுக்கே மாறினார். வந்ததும் மூத்த ஆட்டக்காரர் இருபது பேரை விலக்கி இளையோரை ஏற்றினார். 1960இலும் 1961இலும் லீக் பட்டங்கள் வந்தன. 1961 மே 31 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். முதல் ஐந்தாண்டுகளும் ரியல் மாட்ரிட் தவிர எவரும் தொடாத கோப்பை அது. எதிரணி பார்சிலோனாவில் கோச்சிஷ், சிபோர், குபாலா ஆகிய மூவரும் ஹங்கேரிய மண்ணின் மைந்தர்கள். அதே வாங்க்டோர்ஃப் அரங்கில்தான் 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோச்சிஷும் சிபோரும் ஹங்கேரிக்காக ஆடி 3-2 என்று மேற்கு ஜெர்மனியிடம் தோற்றிருந்தார்கள். இம்முறை இருவரும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். பார்சிலோனாவின் பந்துகள் திரும்பத்திரும்பக் கோல்கம்பத்தில் பட்டுத் தெறித்தன. முடிவு அதே 3-2. வென்றது பென்ஃபிகா.

யூசேபியோவின் வருகை ஒரு முடிதிருத்தகத்தில் தொடங்குகிறது. சாவ் பாவ்லோவில் குட்மனுக்குப் பழக்கமான பிரேசிலியர் பவ்வர், ஆப்பிரிக்கச் சுற்றுப்பயணத்தில் மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கெஸ் நகரில் (இன்றைய மபூட்டோ) கண்ட இளைஞனைப் பற்றி லிஸ்பனில் முடி வெட்டிக்கொள்ளும்போது சொன்னாராம். 1960 டிசம்பரில் அந்த இளைஞர் லிஸ்பன் வந்து சேர்ந்தார். 1962 மே 2 அன்று ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட் இடைவேளைக்குள் 3-2 என முந்தியது. அம்மூன்றையும் அடித்தவர் புஷ்காஷ். பதினான்கு ஆண்டுகளுக்குமுன் கையசைத்துக் குட்மனின் சொல்லைத் தள்ளிய அதே புஷ்காஷ். இரண்டாம் பாதியில் பென்ஃபிகா மூன்று கோல்கள் அடித்தது. கடைசி இரண்டும் யூசேபியோவுடையவை. 5-3. ஆட்டம் முடிந்ததும் புஷ்காஷ் தம் சட்டையைக் கழற்றி யூசேபியோவிடம் கொடுத்தார்.

இதன்பின்னரே ஊதியச் சிக்கல். கேட்டது கிடைக்கவில்லை, குட்மன் உருகுவேயின் பென்யரோலுக்குச் சென்றார். பரிசில் குறைந்தபோது புலவர் வாயில் கடந்து வெளியேறுவது சங்க மரபில் பேராசையாகக் கருதப்படவில்லை. தம்மை மதியாதவன் தந்த சிறுபரிசிலை மறுத்துச் சென்ற பெருஞ்சித்திரனாரை நாம் புகழ்ந்தே படிக்கிறோம். குட்மனை மட்டும் கருமி என்றும் சபித்தவர் என்றும் சொல்வதில் ஒரு கோணல் இருக்கிறது. செல்வத்தின் மேல் பற்றுடைய யூதன் என்ற பழைய ஐரோப்பிய வார்ப்பு அதில் மறைந்திருப்பதை ஐயுறுவதற்கு இடமுண்டு. தீச்சொல்லால் அழிக்கும் மந்திரக்காரன் என்பதும் அதே வார்ப்பகத்தில் செய்யப்பட்டதுதான்.

சாபம் உண்மையா என்ற கேள்விக்கு, அவருடைய செயலே போதிய விடை. சாபச்சொற்கள் வழங்கும் வடிவங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. அதைவிட முக்கியம், 1965இல் குட்மன் பென்ஃபிகாவுக்கே திரும்பினார் என்பது. தாம் சபித்த வீட்டுக்குத் தாமே குடிவருபவர் உண்டா? அந்தப் பருவத்தின் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், 1966 மார்ச்சில், ஜார்ஜ் பெஸ்டின் மான்செஸ்டர் யுனைடெட் லிஸ்பனிலேயே 5-1 என்று அவரது அணியைச் சிதைத்தது. அவருடைய பொற்காலம் முடிந்துவிட்டிருந்தது. ஜெனிவா, ஏதென்ஸ் என்று அலைந்து, 1973-74இல் போர்ட்டோவில் கடைசிப் பணியை முடித்தார். 1981 ஆகஸ்டில் வியன்னாவில் இறந்தார்.

எட்டுத் தோல்விகளுக்குச் சாபமின்றியே விளக்கம் உண்டு. எதிரே நின்றவை இரு மிலான் கழகங்களும் மான்செஸ்டர் யுனைடெட்டும் போன்ற அணிகள். இரண்டு இறுதியாட்டங்கள் பெனால்டிகளில் கைநழுவின. ஆனால் விளக்கம் கதையாவதில்லை. பென்ஃபிகா 2014இல் தன் அரங்கில் குட்மனுக்குச் சிலை வைத்தது. இரண்டு கைகளிலும் இரண்டு கோப்பைகளை ஏந்தி நிற்கிறார். அதே ஆண்டு மே மாதம் டூரினில் செவியாவிடம் பெனால்டிகளில் தோற்றபோது, செய்தித்தாள்கள் மறுபடியும் சாபத்தையே எழுதின.

அந்தச் சிலை நினைவூட்டுவது இரண்டு வெற்றிகளை. நினைவூட்டாதது, அந்த வெற்றிகளுக்குப் பதினேழு ஆண்டுகளுக்குமுன் அவர் உலகத்தின் கணக்கில் சாகவேண்டியவராக இருந்தார் என்பதை. 1944இல் அந்த ரயில்களில் ஏற்றப்பட்டவர்களில் எத்தனை நடன ஆசிரியர்கள், எத்தனை பயிற்றுநர்கள், இன்னும் கண்டெடுக்கப்படாத எத்தனை ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்பதை யாராலும் சொல்லமுடியாது. ஒருவர் தப்பினார். அவர் பார்சிலோனாவையும் மாட்ரிட்டையும் வென்றார். பென்ஃபிகா இழந்த எட்டுக் கோப்பைகளை எண்ணிச் சொல்லும் நாம், அவரோடு பரணில் ஒளிய இடம் கிடைக்காதவர்களோடு சேர்ந்து இழந்தவற்றை எண்ணுவதற்கு இன்னும் எண்கள் இல்லாமலே இருக்கிறோம்.